வன்னியில் சைவ அயலவர்களிடம் கிறிஸ்தவ விசுவாசத்தைப் பகிர்வது எப்படி?

தம்பி, நான் வன்னியில் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவன். மலையகத்திலிருந்து வேலைக்காகக் கிளிநொச்சிக்கு வந்திருக்கிறீர்கள்; அயலில் எல்லாரும் சைவ ஆட்கள்; அவர்கள் மனம் நோகாமல் இயேசுவைப் பற்றி எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு கையில் சாமானும் மறு கையில் வேதாகமமுமாக யார் வீட்டுப் படலையையும் திறக்காதீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

2009இல் யுத்தம் முடிந்த பிறகு இடம்பெயர்ந்த சனங்கள் திரும்பி வந்தபோது தறப்பாள் கொட்டிலும் நாலு தகரமும்தான் இருந்தன. திருச்சபைகள் நிறைய உதவின, அது உண்மை. ஆனால் அரிசிப் பையைக் கொடுத்துவிட்டு "ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வாங்கோ" என்று கேட்டவர்களும் இருந்தார்கள். இல்லாத நேரத்தில் அப்படிக் கேட்டதைச் சனம் லேசில் மறக்காது. "சாமான் தந்து சபைக்கு இழுக்கினம்" என்ற பேச்சு ஊரில் இன்னும் இருக்கிறது. உதவ மனமிருந்தால் பள்ளிக்கூடம் வழியாகவோ மாதர் சங்கம் வழியாகவோ பெயர் சொல்லாமல் கொடுங்கள்.

அடுத்தது இன்னும் பாரமான விஷயம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் போராட்டம் தொடங்கினார்கள். நீங்கள் வாடகைக்கு இருக்கும் ஒழுங்கையிலும் அப்படி ஒரு வீடு இருக்கக்கூடும். அந்த வீட்டில் "ஜெபித்தால் மகன் வருவான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு அம்மாவிடம் ஒருவர், "உங்கட மகன் உயிரோடு இருக்கிறான், கர்த்தர் எனக்குக் காட்டினார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பல மாதம் அந்த அம்மா இரவில் படலையைக் கட்டாமலே படுத்தார். இருட்டில் மகன் வந்தால் திறக்கச் சிரமப்படுவானாம். இதை விசுவாசம் என்று என்னால் சொல்ல முடியாது, கொடுமை என்றுதான் சொல்வேன். 13ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றுதான் தொடங்குகிறது. அந்தத் தாய் கேட்பதும் அதே கேள்விதான். பக்கத்தில் இருந்து கேளுங்கள். "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா அம்மா?" என்று கேட்கலாம். வேண்டாம் என்றால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வாருங்கள், அடுத்த கிழமையும் போங்கள்.

செத்தவீடு என்றால் கூப்பிடாமலே போக வேண்டும். பந்தல் போட, கதிரை இறக்க, விறகு கொத்த ஆள் தேவை. அங்கே பாட்டும் வேண்டாம், துண்டுப்பிரசுரமும் வேண்டாம். எட்டுச் செலவு, அந்தியேட்டி என்ற சைவக் கிரியைகள் எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் அவர்களே, "உங்கட சமயத்தில செத்த ஆக்களுக்கு என்ன செய்வீங்கள்?" என்று கேட்பார்கள். அப்போது கல்லறை, உயிர்த்தெழுதல், உங்கள் நம்பிக்கை எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். பேதுருவின் முதல் நிருபம் 3ஆம் அதிகாரத்தில், விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்லத்தானே சொல்லியிருக்கிறது.

இங்கே நீங்கள் வெறும் நிலத்தில் தொடங்கவில்லை. ஒல்லாந்தர் காலத்து நெருக்கடியில், 1670 வாக்கில், மாந்தைக் கத்தோலிக்கர்கள் மாதா சொரூபத்தோடு காட்டுக்குள் ஓடி வந்ததுதான் மடு மாதா கோயிலின் தொடக்கம். 2008 ஏப்ரலில் அதே சொரூபம் யுத்தத்தால் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது. சனங்களோடு சேர்ந்து இடம்பெயர்ந்த மாதா அது. சைவ ஆட்களுக்கும் அங்கே உரிமை இருக்கிறது. நேர்த்தி வைத்து வருகிறார்கள், பொட்டை அழித்துவிட்டு வா என்று அவர்களை யாரும் மறிப்பதில்லை. நான் கத்தோலிக்கன் இல்லை, ஆனால் இந்த விஷயத்தில் மடுவைப் பார்த்து எங்கள் சபைகள் படிக்க நிறைய இருக்கிறது.

வைகாசியில் முல்லைத்தீவுப் பக்கம் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வரும். கடல் தண்ணீரில் விளக்கெரிப்பதைக் கண்கொட்டாமல் பார்த்து வளர்ந்த ஊர்கள் இவை. அந்த நாட்களில் ஸ்பீக்கர் கட்டி நற்செய்திக் கூட்டம் வைக்காதீர்கள். விக்கிரகம், பிசாசு என்ற பேச்சை எந்த நாளும் எடுக்காதீர்கள்.

படையல் சோறு தந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கொரிந்தியருக்கு எழுதும்போது பவுலே இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார், சபைக்குச் சபை பதில் மாறும். உங்கள் மனச்சாட்சி இடம் தராவிட்டால் முகத்தைச் சுளிக்காமல், "குறை நினைக்காதேங்கோ அக்கா, படைச்சது நான் சாப்பிடுறதில்லை, அடுப்படியில இருக்கிற சோத்தில கொஞ்சம் தாங்கோ" என்று உரிமையோடு கேளுங்கள்.

அப்புறம், யாராவது பெடியன் ஞானஸ்நானம் கேட்டு வந்தால் அவசரப்படாதீர்கள். வீட்டுக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்கக் கூடாது. தகப்பன் சத்தம் போடுவார். சமயத்தைவிட, "நான் செத்தால் எனக்கு ஆர் கொள்ளி வைக்கிறது?" என்ற பயம்தான் பல தகப்பன்மாருக்குப் பெரிது. அதைப் பெடியனும் தகப்பனும் நேருக்கு நேர் இருந்து பேசி முடிக்கட்டும். வருடக்கணக்கானாலும் போதகர் காத்திருக்கலாம், நீங்களும் காத்திருக்கலாம்.