பாஸினி எங்கே போனான்? – கடிதம்

வணக்கம் சார்,

ஆஸ்திரிய எழுத்தாளர் ராபர்ட் மூசிலின் டோர்லெஸ் நாவலை ஆங்கிலத்தில் படித்து முடித்தேன். உடன் படிப்பவனின் பணத்தைத் திருடிய பாஸினி என்ற பையனை ரைட்டிங், பைனெபெர்க் என்ற இரண்டு பேர் விடுதிப் பரணில் வைத்து வதைக்கிறார்கள். கதாநாயகன் டோர்லெஸ், பக்கத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறான். பெரியவன் ஆன பிறகும் வருத்தப்படுவதாகத் தெரியவில்லை. ஆன்மாவுக்கு அந்தச் சிறிதளவு விஷம் தேவைதான் என்கிறான். மூசிலும் அவனைக் கண்டிக்கவில்லை. இதைப் போய் நாஜிகளை முன்கூட்டியே காட்டிய நாவல் என்று புகழ்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் மகன் பத்தாம் வகுப்பு, விடுதியில் இருக்கிறான். அவனுக்கு இதைக் கொடுக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நாஜி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நாவல் வந்தது 1906-ல். முப்பதுகளில் மூசிலே தன் நாட்குறிப்பில், ரைட்டிங்கும் பைனெபெர்க்கும் இன்றைய சர்வாதிகாரிகளின் கரு என்று எழுதிக்கொண்டார். எழுதியவரே சொன்ன பிறகு நான் மறுக்க என்ன இருக்கிறது? ஆனாலும் அந்த வாசிப்பில் ஒரு சௌகரியம் ஒளிந்திருக்கிறது. ரைட்டிங்கை ஹிட்லர் ஆக்கிவிட்டால் நாமெல்லாம் தப்பித்தோம்.

உங்களை எரிச்சல்படுத்தியவன் டோர்லெஸ். அவனைப் பார்ப்போம்.

கணக்கு வகுப்பில் மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம் வருகிறது. இல்லாத எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் உண்மையான விடை எப்படிக் கிடைக்கும்? முதல் தூணும் கடைசித் தூணும் மட்டும் இருக்கிற பாலத்தில், நடுவில் ஒன்றுமில்லாமலே நடந்து அக்கரை சேருகிற மாதிரி இருக்கிறது என்கிறான். என்ன உவமை! ஆசிரியரிடம் போய்க் கேட்கிறான். அவர் மேசைமேல் கிடக்கும், தத்துவவாதி காண்ட் எழுதிய புத்தகத்தைக் காட்டி, இப்போதைக்கு நம்பு என்று அனுப்பிவிடுகிறார்.

இதே பையன்தான் பரணில், மற்ற இருவரும் பாஸினியை அடித்து ஓய்ந்ததும், இருட்டிலிருந்தபடி 'நான் ஒரு திருடன் என்று சொல்' என்கிறான். கையை ஓங்கவில்லை, ஒரு வாக்கியத்தைச் சொல்ல வைக்கிறான், அவ்வளவுதான். விடுமுறையில் எல்லோரும் ஊருக்குப் போனபோது பாஸினியைத் தனியாகப் பிடித்து, அப்போது உனக்குள் என்ன நடந்தது என்று துருவித் துருவிக் கேட்கிறான். வர்க்கமூலத்தையும் பாஸினியையும் அவன் ஒரே ஆர்வத்தோடுதான் பார்க்கிறான். எனக்கு வயிற்றைக் கலக்கியது இந்த இடம். அடிகளைப் படித்தபோதுகூட அப்படி ஆகவில்லை.

'சிறிதளவு விஷம்' என்று பேசுவது வளர்ந்த டோர்லெஸ். பண்பட்ட, ரசனையுள்ள மனிதன். தன் ஆன்மாவுக்கு என்ன வரவு என்று கணக்குச் சொல்கிறான். பாஸினிக்கு எவ்வளவு விஷம் ஏறியது என்று அவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை. விசாரணையில் வகுப்பே ஒரே மாதிரி சாட்சி சொல்ல, பாஸினியைப் பள்ளியை விட்டு நீக்குகிறார்கள். அதோடு அவன் நாவலிலும் இல்லை. அந்த வெற்றிடத்தை மூசில் தெரிந்துதான் விட்டாரா, அவருக்கும் தோன்றவில்லையா என்பதில் எனக்கு இன்றும் இழுபறிதான்.

பெரு நாட்டு எழுத்தாளர் மரியோ வர்காஸ் யோசாவின் முதல் நாவலில் அந்த வெற்றிடம் இல்லை. 1963-ல் வந்தது. களம், தலைநகர் லிமாவை ஒட்டிய கயாவோவில் அவரே படித்த லியோன்சியோ பிராதோ ராணுவப் பள்ளி. முதலாண்டுப் பையன்களை அங்கே 'நாய்கள்' என்றுதான் அழைக்கிறார்கள். எல்லோரிடமும் அடிவாங்குகிறவனுக்குப் பட்டப்பெயர் 'அடிமை'. ஆனால் அவனுக்கென்று பக்கங்கள் இருக்கின்றன. அவனை மிரட்டும் அப்பா இருக்கிறார், அவன் ஆசைப்படும் தெரேசா இருக்கிறாள். பயிற்சியின்போது குண்டு பாய்ந்து அவன் சாகிறான். விபத்து என்று பள்ளி கோப்பை மூடப் பார்க்கிறது. நண்பன் ஆல்பர்ட்டோ இது கொலை என்று புகார் கொடுக்கிறான். அவன் சக மாணவர்களுக்கு எழுதி விற்ற ஆபாசக் கதைகளைக் காட்டி கர்னல் மிரட்டியதும் வாபஸ் வாங்கிக்கொள்கிறான். எழுத்துதான் அவனுக்கு அங்கே பிழைப்பு, கடைசியில் அதுவே அவன் வாயை அடைக்கிறது.

சரி, என் பங்குக்கு வருகிறேன். எட்டாம் வகுப்பில் நானும் விடுதியில் இருந்தேன். புதிதாக ஒரு பையன் வந்தான். அவனுக்கு வாரம் ஒரு இன்லேண்ட் லெட்டர் வரும், அம்மா எழுதியது. பெரிய பையன்கள் இரண்டு பேர் அவனை டிரங்குப் பெட்டிமேல் ஏற்றி நிறுத்தி அதைச் சத்தமாகப் படிக்க வைப்பார்கள். படித்து முடித்ததும் கடிதம் என் கைக்கு வரும், தமிழில் நான்தான் முதல் மார்க் என்பதால். எழுத்துப் பிழைகளைச் சிவப்புப் பேனாவால் சுழித்து எத்தனை என்று சொல்ல வேண்டும். பிழைக்கு ஒரு குட்டு.

நான் யாரையும் குட்டியதில்லை. எண்ணிச் சொன்னேன். சரியாகவும் சொன்னேன். ஒரு தடவை 'வந்திருச்சு' என்பது பேச்சு வழக்கு, அதைப் பிழையில் சேர்க்கக் கூடாது என்று வாதாடி ஏழு பிழையை ஆறாக்கினேன். அன்றைக்கு ராத்திரி எனக்கு நிம்மதியான தூக்கம், நல்லது செய்துவிட்ட மாதிரி. பொங்கல் லீவுக்கு அப்புறம் அவனுக்குக் கடிதமே வரவில்லை. எழுத வேண்டாம் என்று அவனே வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

அதனால் டோர்லெஸை நான் உங்களைப் போலத் தள்ளி வைத்துப் படிக்க முடியாது.

மகன் விஷயம். நாவலில் பாலியல் வன்முறையும் இருக்கிறது, உங்களுக்கே தெரியும். இப்போது வேண்டாம், இரண்டு மூன்று வருடம் போகட்டும். அடுத்த முறை விடுதிக்குப் போகும்போது, உன்னை யாராவது அடிக்கிறார்களா என்று எல்லா அப்பாக்களும் கேட்பதைக் கேட்டுவிட்டு, மெஸ்ஸில் எந்தப் பையன் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்றும் கேளுங்கள். அவனுக்குப் பெயர் தெரிந்திருக்கும்.