முதல் பத்துப் பேரைக் கணிக்க: திறமைப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு கணக்கைப் பாருங்கள்

வாசகர் கேள்வி: நியூஜெர்சியில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஆபீஸில் எம்எல்பி டிராஃப்ட்டுக்கு (அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் லீக் அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) முன்னால் வருஷாவருஷம் ஒரு போட்டி உண்டு. முதல் பத்து இடங்களில் எந்த அணி யாரை எடுக்கும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். போன தடவை வீரர்களின் தரவரிசையை அப்படியே காப்பியடித்தேன், ஒன்றுதான் சரியாக இருந்தது. இந்தத் தடவை கொஞ்சம் மானத்தோடு தோற்க என்ன வழி?

பதில்: காப்பியடித்தது தப்பில்லை, எந்தத் தாளைப் பார்த்து அடித்தீர்கள் என்பதில்தான் கோளாறு. தரவரிசை என்பது யார் நல்ல ஆட்டக்காரர் என்பதைச் சொல்லும். யாரை யார் எடுப்பார்கள் என்று சொல்வது மாக் டிராஃப்ட். ‘பேஸ்பால் அமெரிக்கா’ இதழும் ‘எம்எல்பி பைப்லைன்’ தளமும் இரண்டையும் தனித்தனியாகப் போடுகின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எங்கே வித்தியாசப்படுகிறதோ அங்கேதான் விஷயம் இருக்கிறது.

அந்த வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் காரணம் பணம். 2012 முதல் ஒரு விதி இருக்கிறது. முதல் பத்துச் சுற்றுகளில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு ஸ்லாட் தொகை (அந்த இடத்துக்கென்று லீக் குறிக்கும் ஒப்பந்த போனஸ்) உண்டு, அதையெல்லாம் கூட்டினால் அந்த அணி போனஸாகக் கொடுக்கக்கூடிய மொத்தப் பணம். அதற்கு மேல் 5 சதவீதம் வரை போனால் கூடுதல் தொகைக்கு 75 சதவீத வரி கட்டிவிட்டுத் தப்பிக்கலாம், அதையும் தாண்டினால் அடுத்த வருஷத்து முதல் சுற்றுத் தேர்வே போய்விடும், அதனால் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. ஆனால் மொத்தத்துக்குள் இங்கே எடுத்து அங்கே போட எந்தத் தடையும் இல்லை. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

2012-இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் செய்ததைப் பாருங்கள். முதல் இடத்தின் ஸ்லாட் 72 லட்சம் டாலர். பரபரப்பாகப் பேசப்பட்டவர்கள் மார்க் அப்பலும் பைரன் பக்ஸ்டனும். ஹூஸ்டன் எடுத்ததோ கார்லோஸ் கொரேயாவை, 48 லட்சத்துக்கு. மிச்சம் 24 லட்சம். 41-ஆவது தேர்வு வரை கீழே வந்திருந்த லான்ஸ் மெக்கல்லர்ஸை 25 லட்சம் கொடுத்து மடக்கியது அந்த மிச்சத்தின் தயவில்தான். ஐந்து வருஷம் கழித்து உலகத் தொடரை ஜெயித்த அணியில் இரண்டு பேருமே இருந்தார்கள். அப்பல் என்ன ஆனார்? எட்டாவது இடம் வரை சரிந்தார், பிட்ஸ்பர்க் எடுத்தும் கையெழுத்துப் போடவில்லை.

ஆக, முதல் இடத்துக்கு “யார் சிறந்தவர்” என்று கேட்காதீர்கள். முதல் நாலைந்து பேருக்குள் பெரிய இடைவெளி இல்லையென்றால், குறைவான தொகைக்குச் சம்மதிக்கிறவருக்குத்தான் வாய்ப்பு அதிகம். 2025-இல் வாஷிங்டனுக்கு முதல் இடம், ஸ்லாட் ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம். எடுத்தது ஓக்லஹோமாவின் 17 வயது ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் தடுப்பவர்) ஈலை வில்லிட்ஸை, 82 லட்சத்துக்கு. நாலாவதாகப் போன ஈதன் ஹாலிடேவுக்கு கொலராடோ கொடுத்தது 90 லட்சம். நாலாவது ஆளுக்கு முதல் ஆளைவிட அதிகம்! முன்னால் போனவருக்குத்தான் அதிகப் பணம் என்று நினைத்தால் இதெல்லாம் பிடிபடாது.

இன்னொன்று, அந்த அணிக்கு அடுத்த தேர்வு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 2022-இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் மூன்றாவது இடத்தில் குமார் ராக்கரை எடுத்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன், என் பட்டியலில் முதல் பத்திலேயே அவர் இல்லை. (பெயரைப் பார்த்து யோசிக்கிறவர்களுக்கு: அம்மா வழியில் இந்திய வம்சாவளி.) முந்தைய வருஷம் நியூயார்க் மெட்ஸ் அவரை எடுத்து, மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தமே கொடுக்காமல் விட்டிருந்தது. டெக்சஸ் 52 லட்சத்துக்கு முடித்தது, அந்த இடத்தின் ஸ்லாட் சுமார் 76 லட்சம். பெரிய வீரர்களை ஒப்பந்தம் செய்ததால் இரண்டாவது, மூன்றாவது சுற்றுத் தேர்வுகளை அந்த அணி ஏற்கெனவே இழந்திருந்தது. மிச்சப்பட்ட பணம் நாலாவது சுற்றில் ப்ராக் போர்ட்டருக்கு 37 லட்சமாகப் போனது. இப்போது பார்த்தால் கணக்கு பளிச்சென்று தெரிகிறது, அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

பிட்சர்கள் (பந்து வீசுகிறவர்கள்) விஷயத்தில் தோள்பட்டை, முழங்கை பற்றிய சின்னச் செய்தியைக்கூட விடாதீர்கள். 2014-இல் முதலாவதாக எடுக்கப்பட்ட ப்ரேடி ஏய்க்கனுக்கு 65 லட்சம் பேசி முடித்திருந்தார்கள், முழங்கைத் தசைநார் பற்றிச் சந்தேகம் வந்து பேரம் கடைசியில் முறிந்தே போனது. அப்புறம், டிராஃப்ட் தொடங்கிய 1965 முதல் பள்ளியிலிருந்து வரும் வலக்கை பிட்சர் ஒருவர்கூட முதலாவதாகப் போனதில்லை. எவ்வளவு வேகமாகப் போட்டாலும் அங்கே எழுதாதீர்கள்.

“இந்த அணிக்கு கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) இல்லை, அதனால் கேட்சரை எடுப்பார்கள்” என்பது அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து டிராஃப்ட் பார்த்துப் பழகியவர்களின் கணக்கு. இங்கே எடுக்கப்படுகிறவர் சிறு லீக்குகளில் ஆடி மேலே எம்எல்பிக்கு வர சாதாரணமாக மூன்று நாலு வருஷம் ஆகும். பால் ஸ்கீன்ஸ் மாதிரி பத்து மாதத்தில் வந்து நிற்பது அபூர்வம். முதல் சுற்றின் வழக்கமான தேர்வுகளை அணிகள் கைமாற்றிக்கொள்ளவும் முடியாது, ஆகவே கடைசி நிமிஷ இடமாற்றம் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் வரிசையை முதலில் சரிபாருங்கள். முதல் ஆறு இடங்களுக்குக் குலுக்கல் உண்டு, மோசமாகத் தோற்ற அணிகளுக்கு அதில் வாய்ப்பு அதிகம். ஆனாலும் 2024-இல் 121 ஆட்டம் தோற்ற சிகாகோ வைட் சாக்ஸுக்கே விதிப்படி குலுக்கலில் இடம் இல்லாமல் அடுத்த டிராஃப்ட்டில் பத்தாவது இடம்தான் கிடைத்தது.

கடைசி வாரத்தில் வரும் “இந்த அணி இவரைத்தான் எடுக்கிறது” செய்திகளில் பாதி ஏஜென்ட்கள் கசியவிடுவது. கூட்டணித் தொகுதிப் பங்கீட்டுச் செய்திகளைப் படித்து வளர்ந்த நமக்கு இது புதிதில்லை, செய்தியைவிட அதனால் யாருக்கு லாபம் என்பதைப் பாருங்கள். ஒரே அணியையும் ஒரே பெயரையும் இரண்டு மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னால் மட்டும் நம்புங்கள்.

எழுதும்போது ஒவ்வொரு அணிக்கும் மூன்று பெயர் பென்சிலால் போட்டுவிட்டு, முதல் மூன்று இடங்களுக்கு அதிக நேரம் கொடுங்கள். அங்கே ஒன்று தப்பினால் கீழே வரிசையாகச் சரியும். உங்கள் ஆபீஸ் விதியில் இடம் தவறினாலும் பெயர் முதல் பத்தில் இருந்தால் மதிப்பெண் உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் பழைய தரவரிசைத் தாளுக்குக் கொஞ்சம் மரியாதை கொடுக்கலாம். தாளை முந்தின நாளே கொடுத்துவிடாதீர்கள், டிராஃப்ட் அன்று காலையில் வரும் கடைசி மாக் டிராஃப்ட்களைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.