வாடகைச் சைக்கிளில் ரயர் வெடித்தால் காசு யார் கட்டுவது?

கேள்வி: சைக்கிளில் ஊர் பார்ப்பது என்றால் எனக்கு உயிர். போன மாதம் வெசாக் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வந்து மூன்று நாளுக்கு ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்தேன். பத்தாயிரம் ரூபாய் முற்பணத்தோடு அடையாள அட்டையையும் வாங்கி வைத்தார்கள். பற்றுச்சீட்டு தரவில்லை. புங்குடுதீவுக்குப் போகிற வழியில் பின் ரயர் வெடித்தது. திருப்பிக் கொடுத்தபோது ரயர், ரியூப், வளைந்த றிம் என்று சொல்லி 6,500 ரூபாயைக் கழித்துவிட்டார்கள். இது நியாயமா? ஆடியில் நண்பர்களோடு திரும்பவும் வர இருக்கிறேன்.
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: அந்த ரயரைப் பார்த்தால்தான் சொல்லலாம். புது ரயருக்குக் காசு கொடுத்தவர் நீங்கள், பழையதைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். இனிமேல் கட்டாயம் வாங்குங்கள்.

வெயிலில் கிடந்து வயது போன ரயர் என்றால் பக்கவாட்டில் மயிரிழை மாதிரி வெடிப்புகள் ஓடியிருக்கும். சில இடத்தில் உள்நூல் வெளியே தெரியும். அப்படிப்பட்ட ரயர் வெடித்ததற்கு நீங்கள் காசு கட்டத் தேவையில்லை. போத்தல் ஓடு கிழித்திருந்தால் பிளேட்டால் அறுத்தது போல ஒரேயொரு வெட்டு இருக்கும். அது உங்கள் கணக்கு. றிம்மிலும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். கிடங்கில் விழுந்து அடிபட்டிருந்தால் விளிம்பில் ஓரிடம் நசுங்கியிருக்கும். நசுங்கல் இல்லாமல் சில்லு மட்டும் ஆடினால் பெரும்பாலும் கம்பிகள் தளர்ந்திருக்கும். இறுக்கினால் நேராகிவிடும், அதற்குப் புது றிம்மின் விலை கேட்பது அநியாயம். ஆனால் ஒன்று, காற்றுப் போன பிறகும் ஏறி ஓடியிருந்தீர்கள் என்றால் றிம்மின் சேதத்தில் உங்களுக்கும் பங்குண்டு.

முதலில் கடைக்காரரிடம் எதற்கு எவ்வளவு கழித்தார் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்திலேயே அது இருக்கிறது. மசியாவிட்டால் அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து விசாரியுங்கள். முறைப்பாட்டை எழுத்தில், சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது, சும்மா விட்டுவிடாதீர்கள்.

ஆடிப் பயணத்துக்கு வருவோம். அடையாள அட்டையை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், போட்டோப் பிரதி கொடுங்கள், போதும். காசு கொடுக்கும் முன் கடை வாசலிலேயே சைக்கிளைத் தூக்கிப் பின் சில்லைச் சுற்றிவிடுங்கள். பிறேக் கட்டைக்கும் றிம்முக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கண் வைத்துப் பாருங்கள். ஒரு சுற்றில் அது கூடிக் குறைந்தால் வேறு சைக்கிள் கேளுங்கள். பெடலை முன்னும் பின்னும் அசைக்கும்போது டக் டக் என்று தட்டினாலும் அப்படித்தான். பிறகு இரண்டு ரயரையும் பக்கவாட்டில் போட்டோ எடுத்து, கடைக்காரரின் கைபேசிக்கும் அங்கேயே அனுப்பிவிடுங்கள். இதெல்லாம் ஐந்து நிமிட வேலை. நல்ல கடைக்காரர் கோபிக்கமாட்டார், அவருக்கும் அது பாதுகாப்பு.

ஏற்றம் இறக்கம் இல்லாத ஊர், கியர் சைக்கிளுக்குக் கூடுதல் வாடகை கொடுக்க வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். ஆடியில் அது சரிவராது. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று, நகரத்திலிருந்து தீவுகளுக்குப் போகிற பண்ணைப் பாலத்தில் நெஞ்சைப் பிடித்துத் தள்ளும். வேலணை தாண்டி வாணர் பாலத்தில் ஏறினால் இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு மரமில்லை. கியர் இருந்தால் முழங்கால் தப்பும். விடியவே புறப்படுங்கள். போகும்போது எதிர்த்த காற்று திரும்பும்போது முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வரும். அந்தச் சுகத்துக்காகவே புங்குடுதீவின் கடைசியில் உள்ள குறிகட்டுவான் இறங்குதுறை வரை ஒருமுறை போய் வரலாம்.

கேள்வி: வவுனியாவிலிருந்து என் சொந்த 700சி சில்லளவு சைக்கிளோடு வருகிறேன். வழியில் ரியூப் வாங்கலாமா?

பதில்: நம்பி வராதீர்கள், இரண்டு ரியூப் கையோடு கொண்டுவாருங்கள். சந்திக் கடைகளில் ‘இருபத்தெட்டு’ என்று கேட்டால் எடுத்துத் தருவது நம் வழக்கமான பெரிய சைக்கிளின் 28 × 1½ அளவு. அதன் றிம்மில் ரயர் உட்காரும் இடத்தின் குறுக்களவு 635 மில்லிமீற்றர், உங்களுடையது 622. அந்த ரயர் உங்கள் றிம்மில் நிற்காது. ரியூப்பும் தடித்தது, உங்கள் றிம்மின் ஓட்டை சின்னது என்றால் அதன் வால்கட்டை, அதாவது காற்றடிக்கும் வாய், உள்ளே நுழையாது. உங்கள் ரியூப்பின் வால்கட்டை மெல்லிய வகை என்றால் கடைப் பம்பும் பொருந்தாது. விரல் நுனி அளவில் ஒரு பித்தளை அடாப்டர் விற்கிறார்கள், அதையும் வவுனியாவிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.