மூஸ் வேட்டைக்கு எந்தச் சன்னம்?

விடுமுறைக்குக் கொக்குவில் வந்து நிற்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நான் ஒன்ராறியோவில் இருக்கிறேன். வருகிற ஒக்டோபரில் முதல் தடவையாக மூஸ் வேட்டைக்குப் போகிறோம். என்னிடம் இருப்பது .308 றைபிள். கடையில் 150 கிறெயின் சாதாரணம், 180 கிறெயின் பொண்டட், 165 கிறெயின் முழுச் செப்பு என்று மூன்று பெட்டிகளைக் காட்டினார்கள். எதை வாங்குவது? அவ்வளவு பெரிய மிருகத்துக்கு .308 காணுமா?"

காணும். மூஸ் மான் இனத்திலேயே மிகப் பெரியதுதான், ஆனாலும் அதைப் பற்றி யோசிக்க வேண்டாம். சன்னத்தைப் பற்றித்தான் கதைக்க வேண்டும்.

எங்கள் ஆட்கள் முழுவதையும் சேர்த்துத் தோட்டா என்றுவிடுவார்கள். கோது, மருந்து, கேப்பு எல்லாவற்றின் வேலையும் துவக்கோடு முடிந்துவிடும். மிருகம் வரை போவது முன்னால் இருக்கும் சன்னம் மட்டும். .308 என்பது அங்குலத்தில் அதன் விட்டம், கிறெயின் என்பது அதன் நிறை. 180 கிறெயின் என்றால் 11.66 கிராம், எங்கள் நகைக் கணக்கில் ஒன்றரைப் பவுணுக்குச் சற்றுக் குறைவு.

சாதாரண சன்னம் ஈயத்தின் மேல் மெல்லிய செப்புறை போட்டது. பட்டதும் காளான் மாதிரி விரியும். மானுக்கு அது போதும். வளர்ந்த ஆண் மூஸ் 400, 500 கிலோ வரும். முன்னங்கால் சப்பை எலும்பில் பட்டால் உறை ஒரு பக்கம், ஈயம் ஒரு பக்கமாகச் சிதறி, நெஞ்சறைக்குள் போகாமலே நின்றுவிடலாம். தூரத்தில் சுடுவதுதான் சன்னத்துக்குச் சோதனை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு எதிர்மாறு. பற்றைக்குள் 50 மீற்றரில், வேகம் குறையாமல் போய் மோதும்போதுதான் அது உடையும். நீங்கள் போகும் காட்டில் அப்படித்தான் சுட வரும்.

1946இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜோன் நொஸ்லர் என்பவருக்கு நடந்ததும் இதுதான். அவருடைய சன்னங்கள் மூஸுக்குள் ஆழமாக இறங்கவில்லை. அதன் பிறகு அவர் சன்னத்தின் நடுவே ஒரு செப்புச் சுவர் வைத்தார்: முன்பாதி விரியும், பின்பாதி கட்டியாக நின்று உள்ளே போகும். பார்ட்டிஷன் என்ற பெயரில் இன்றும் விற்கிறார்கள். என் மேசை லாச்சியில் அப்படி ஒன்று கிடக்கிறது, கனடாவில் இருந்த காலத்தில் ஒரு மூஸின் மறுபக்கத் தோலுக்கடியில் எடுத்தது. முன்பக்கம் இதழ் இதழாகப் பின்னுக்கு மடங்கியிருக்கும், அடிப்பக்கம் புதுசு மாதிரி. கன்னாதிட்டியில் தெரிந்த பத்தரிடம் கொடுத்து நிறுத்தேன். "இது பவுண் இல்லையே அண்ணை, என்னத்துக்கு?" என்று சிரித்தார். 7.6 கிராம். புறப்பட்டது 11.66. மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சியிருக்கிறது.

பொண்டட் என்பது ஈயத்தையும் உறையையும் பிரியாமல் ஒட்டவைத்தது. அதுவும் நல்லது. முழுச் செப்பில் ஈயமே இல்லை, நிறையும் அநேகமாக இழக்காது. அதனால்தான் 165 கிறெயின் செப்பு, 180 கிறெயின் ஈயம் செய்யும் வேலையைச் செய்துவிடுகிறது. குறை ஒன்று உண்டு: விரிய வேகம் வேண்டும், மிகத் தூரத்தில் வேகம் தணிந்தபின் ஊசி மாதிரித் துளைத்துக்கொண்டு போய்விடலாம். 150 மீற்றருக்குள் உங்களுக்கு அந்தப் பிரச்சினை வராது.

நான் என்றால் செப்பைத்தான் எடுப்பேன். விலை கூட. ஆனால் அந்த இறைச்சியை வீட்டில் பிள்ளைகளும் சாப்பிடப் போகிறார்கள். ஈயச் சன்னம் போன பாதையைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஈயத்துகள்கள் இறைச்சிக்குள் கிடக்கும். கழுவினாலும் போகாது, கறியில் அவிந்தாலும் போகாது. பொண்டட் வாங்கினால் காயத்தைச் சுற்றி ஒரு சாண் அளவு வெட்டி எறியுங்கள்.

இராணுவத்தார் பாவிக்கும் முழு உறைச் சன்னம் மலிவாகக் கிடைக்கும். இலக்குப் பலகைக்கு மட்டும். விரியாது, மிருகம் காயத்தோடு ஓடிப்போய் எங்கேயோ கிடந்து சாகும். கனடாவில் பல மாகாணங்களில் பெரிய மிருகத்துக்கு அது சட்டவிரோதமும்கூட.

அப்புறம், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் உங்கள் றைபிளுக்கு அது பிடிக்க வேண்டும். முதலில் பொண்டட்டிலும் செப்பிலும் ஒவ்வொரு பெட்டி வாங்கி, குழாயை நன்றாகத் துடைத்துவிட்டு, 100 மீற்றரில் மும்மூன்று வெடியாகச் சுட்டுப் பாருங்கள். மூன்று ஓட்டையும் ஒரு தேத்தண்ணிக் கோப்பையின் வாய்க்குள் அடங்கினால் சரி. எது அடங்கியதோ அதில் இன்னும் மூன்று பெட்டி, ஒரே லொட் இலக்கமாக, அதாவது ஒரே தொகுதியில் செய்ததாகப் பார்த்து வாங்குங்கள். குறிக்கண்ணாடியை அதற்கேற்பத் திருத்திய பிறகு வேறு பெட்டியைத் தொடாதீர்கள்.