ஐஞ்சாம் வகுப்புப் பிரெஞ்சும் சனிக்கிழமைத் தமிழும்

வணக்கம் தங்கச்சி,

வவுனியாவில இருந்து வந்து ஏழு மாசம், மகன் சுவிஸில சூரிச்சில நாலாம் வகுப்பு, டொச்சே (ஜேர்மன் மொழி) இன்னும் பிடிபடேல்லை, இங்கிலிஷும் ஓடுது, வாற ஆவணியில பிரெஞ்சும் தொடங்குதாம் எண்டு எழுதியிருந்தியள். பிரெஞ்சு வேண்டாமெண்டு சொல்லலாமோ, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நிப்பாட்டினால் பிள்ளைக்கு இளைப்பாறக் கிடைக்குமோ எண்டு கேட்டியள். நான் 1996இல வந்தனான். ரெண்டு பிள்ளையள் இந்த மாநிலத்துப் பள்ளிக்கூடத்தில படிச்சு முடிச்சிட்டினம். என்ர பதில்: ரெண்டையும் விடாதேங்கோ. நீங்கள் பயப்பிட வேண்டியது டொச்சுக்குத்தான்.

பிரெஞ்சை முதல் சொல்லுறன். உங்கட மகன் கணக்குக்குப் போனாலும் விஞ்ஞானத்துக்குப் போனாலும் மற்றப் பிள்ளையளுக்கு நாலு வருசம் பின்னால நிக்கிறான், ஏன் எண்டால் எல்லாம் டொச்சில. இங்கிலிஷில அவ்வளவு பின்னால இல்லை. ஊரில மூண்டாம் வகுப்பில தொடங்கினதுதான், இங்கயும் மூண்டாம் வகுப்பில. பிரெஞ்சு ஐஞ்சாம் வகுப்பில தொடங்கேக்க, தகப்பன் வங்கி மனேஜரா இருக்கிற பிள்ளையும் உங்கட பிள்ளையும் ஒரே நாளில "போன்ஜூர்" படிப்பினம். எல்லாரும் ஒரே கோட்டில நிண்டு ஓடுற பாடம் அந்தப் பள்ளிக்கூடத்தில அது ஒண்டுதான். என்ர மூத்தவளுக்கு வகுப்பில முதல் முதல் கை தூக்கத் துணிவு வந்ததே பிரெஞ்சுப் பாடத்திலதான்.

தமிழ் தெரிஞ்ச பிள்ளைக்கு அதில வேற வசதியும் இருக்கு. பிரெஞ்சில நீ, நீங்கள் ரெண்டும் இருக்கு. ரீச்சரை நீ எண்டு கூப்பிடக் கூடாதெண்டு எங்கட பிள்ளைக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. 24ஐ டொச்சில "நாலும் இருபதும்" எண்டு தலைகீழாய்ச் சொல்லுவினம். அதால புதுசா வந்த பிள்ளையள் கணக்குக் கொப்பியில 42 எண்டு எழுதிப்போட்டுப் பிழை வாங்குவினம். பிரெஞ்சில எங்களைப் போல இருபத்தி நாலு. கரைச்சல் தாறது ஆண்பால் பெண்பால்தான். எங்களுக்கு மேசையும் கதிரையும் சூரியனும் சந்திரனும் அஃறிணை, கதை முடிஞ்சுது. டொச்சில சூரியன் பெண், சந்திரன் ஆண். பிரெஞ்சில அப்பிடியே மாறி. அதைப் பாடமாக்கத்தான் வேணும், குறுக்குவழி இல்லை.

பிரெஞ்சு ஏன் இவ்வளவு இழுபறி எண்டும் தெரிஞ்சிருங்கோ, அயலில ஆக்கள் வெருட்டுவினம். பேர்ண், பாசல் பக்கம் மூண்டாம் வகுப்பில பிரெஞ்சு, பிறகு இங்கிலிஷ். சூரிச் இங்கிலிஷை முன்னுக்கு வைச்சுது, பிரெஞ்சு பேசுற மாநிலங்களுக்கு அது இண்டைக்கும் மனத்தாங்கல். ஆரம்பப் பள்ளியில ஒரு அந்நிய மொழி காணும் எண்டு 2017 மே மாசம் வாக்கெடுப்பு வந்தது. சனம் வேண்டாமெண்டு போட்டது. 2025 செப்டம்பரில மாநில சபை திரும்பவும் பிரெஞ்சை மேல்பிரிவுக்கு, அதாவது ஆறாம் வகுப்புக்குப் பிறகு வாற செக்குக்கு, கொண்டுபோக வேணுமெண்டு முடிவெடுத்திருக்கு. அதுக்குச் சட்டம் மாற வேணும், உடன நடக்கிற விசயமில்லை. உங்கட மகன் படிக்கத்தான் போறான். உள்ளதைச் சொன்னால், நாங்கள் ஊரில சிங்களம் படிச்ச மாதிரித்தான் கனபேர் இங்க பிரெஞ்சு படிக்கினம்: நாட்டின்ர மொழி, சோதினை முடியக் கொப்பியை மூடினால் சரி. ஆனால் செக்கிலயும் அது தொடரும், அலுவலகத் தொழிற்பயிற்சிக்குப் போனால் அங்கயும் கேப்பினம். இப்ப விலக்குக் கேட்டு எடுத்தால் பிறகு ரெண்டு வருசத்துப் பாடத்தை ஆர் பிடிச்சுக் குடுக்கிறது?

இனி டொச். பள்ளிக்கூடத்தில ரெண்டு டொச் இருக்கு. வகுப்பில புத்தக டொச், முற்றத்தில சுவிஸ் டொச். மகன் "ஒண்டும் விளங்கேல்லை அம்மா" எண்டு அழுதால் அது முற்றத்துக் கதையாய் இருக்கும். "ஏதோ ஒண்டு" எண்டதுக்குப் புத்தகத்தில "எத்வாஸ்", விளையாட்டில "எப்பிஸ்". இதை அவனுக்கு விளங்கப்படுத்த உங்களிட்டையே உதாரணம் இருக்கு: நாங்கள் "வாறன்" எண்டு கதைச்சு "வருகிறேன்" எண்டு எழுதிற மாதிரி. டொச்சை இரண்டாம் மொழியாய்ப் படிப்பிக்கிற டாட்ஸ் வகுப்பு முதல் வருசம் கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் இருக்கும், பிறகு மணித்தியாலம் குறையும். அந்த முதல் வருசத்தில ஒரு நாளும் மறிக்காதேங்கோ, பல்லுக்கொதி எண்டாலும் பின்னேரம் டொக்டரிட்டைப் போங்கோ. ஆறாம் வகுப்பில எழுதிற கிம்னாசியச் சோதினைக்கு (பல்கலைக்கழகத்துக்கு வழிவிடுற பள்ளிக்கூடத்துக்கான நுழைவுச் சோதினை) வாறது டொச்சும் கணக்கும் மட்டும்தான்.

தமிழ் வகுப்பு. மூத்தவள் கிண்டர்கார்டன் போகேக்க அங்க இருந்த ஒரு ரீச்சர் "வீட்டில டொச் கதையுங்கோ" எண்டா. நானும் அப்பிடியே செய்தன். என்ர டொச் உணவகக் குசினியில கோப்பை கழுவிப் படிச்ச டொச். பிள்ளை என்னிட்டப் பிழையான டொச்சைப் படிச்சுக்கொண்டு போக, பள்ளிக்கூடத்தில அதைத் திருத்த ரெண்டு வருசம் எடுத்தது. அம்மம்மாவோட ரெலிபோனில கதைக்கவும் அவளுக்குச் சொல் இல்லாமல் போச்சு. இளையவனோட தமிழ்தான் கதைச்சன், கதை சொன்னன், சண்டையும் பிடிச்சன். டொச் அவனுக்கு அக்காவைவிடச் சுறுக்காய் வந்தது. "ஏலாது, ஏன் எண்டால் எனக்குக் காய்ச்சல்" எண்டு வசனம் கட்டத் தெரிஞ்ச பிள்ளைக்கு டொச்சில அந்தச் சொல்லுகளைத்தான் தேட வேண்டியிருக்கும், நினைப்பு ஏற்கெனவே இருக்கு.

சனிக்கிழமை வகுப்பைப் பள்ளிக்கூடம் "ஹா எஸ் கா" எண்டு சொல்லும், தாய்மொழியும் பண்பாடும். அதின்ர புள்ளியையும் றிப்போட்டில சேர்க்கலாம். இங்க 6 தான் ஆகக் கூடின புள்ளி, 4 எடுத்தால் பாஸ். பக்கத்து நாட்டு ஜேர்மன் சொந்தக்காரர் "1 தானே நல்லது" எண்டால் குழம்பாதேங்கோ. டொச்சில 3 வாங்கிற காலத்தில தமிழில 5.5 எண்டு ஒரு வரி அதே தாளில இருந்தால் பிள்ளைக்குப் பெரிய ஆறுதல்.

பெற்றோர் சந்திப்புக் கடிதம் வரேக்க, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணுமெண்டு எழுதிக் குடுங்கோ, பள்ளிக்கூடமே ஒழுங்குபடுத்தும். மகனை வைச்சு மொழிபெயர்க்காதேங்கோ, தன்ர குறையை அவன் எப்பிடித் தன்ர வாயால சொல்லுவான்? போனால் மூண்டு கேள்வி கேளுங்கோ: டாட்ஸ் இன்னும் எவ்வளவு காலம் கிடைக்கும், டொச்சுக்கு இப்ப புள்ளி போடாமல் விடலாமோ, பிரெஞ்சு தொடங்க முதல் அந்தப் புத்தகத்தை ஒருக்கால் வீட்டுக்குக் கொண்டுபோகலாமோ. மூண்டாவதுக்கு எனக்கு "ஓம்" எண்டவை. கோடை லீவில நானும் மகளும் பல்கனியில இருந்து அந்தப் படங்களைப் பாத்து ஆப்பிளுக்கும் பூனைக்கும் பேர் சொல்லிப் பழகினம். என்ர உச்சரிப்பைக் கேட்டு அவள் இண்டைக்கும் சிரிக்கிறவள்.