நெட்பால் ஆடி வளர்ந்த ஃபிஜிப் பெண்கள் ரக்பியில் எப்படிச் சிறக்கிறார்கள்?

கூடைப்பந்தைப் போன்ற, ஆனால் எதிராளியைத் தொடுவதே தவறாகக் கொள்ளப்படும் நெட்பாலில் வளர்ந்த ஒரு பெண், மோதி வீழ்த்தும் ரக்பிக்கு வந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரிக் காலம் முழுவதும் நெட்பால் ஆடியவள், 2016 முதல் ஃபிஜிப் பெண்கள் அணியான ஃபிஜியானாவின் ஆட்டங்களை விடாமல் பார்ப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: மோதலைத்தான் புதிதாகக் கற்க வேண்டும்; கைகள் ஏற்கெனவே பழகியிருக்கும்.

நெட்பாலில் பந்தோடு ஓட முடியாது. மூன்று வினாடிக்குள் அதை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். ஆகவே பந்து வந்து சேரும் முன்பே, அடுத்து யார் எந்தப் பக்கம் ஓடி வருகிறார் என்று கண் தேடிவிடும். ஃபிஜியானா வீராங்கனை ஒருவர் பிடிபட்டு விழும் தருணத்தைக் கவனித்துப் பாருங்கள். இருவர் இடுப்பைக் கட்டிக்கொண்டிருப்பார்கள், முழங்கால் தரையைத் தொடப்போகும். ஆனாலும் பந்தைப் பிடித்த ஒரு கை மட்டும் எதிராளியின் தோளுக்குப் பின்னால் நீண்டு, ஓடி வரும் தோழியின் மார்புக்கு நேராக அதைத் தட்டிவிடும். ‘ஆஃப்லோடு’ எனப்படும் அந்தக் கொடுப்பில் எனக்கு நெட்பால் தெரிகிறது. நெட்பால் ஆடாத ஃபிஜி ஆண்களும் இதில் வல்லவர்களே; எனவே முழுப் பெருமையையும் நெட்பாலுக்குத் தர மாட்டேன்.

ஃபிஜியில் நெட்பால்தான் நெடுங்காலமாகப் பெண்களுக்கு உரிய விளையாட்டாக இருந்தது. ரக்பி ஆண்களுடையது என்று கருதப்பட்டதால், அதை ஆட விரும்பிய பெண்கள் பலர் வீட்டாரின் எதிர்ப்பைத் தாங்க வேண்டியிருந்தது. நெட்பாலிலும் இழப்பு உண்டு: 2007 உலகப் போட்டி ஃபிஜித் தலைநகர் சுவாவில் நடப்பதாக இருந்து, 2006 டிசம்பரில் அங்கே நடந்த ராணுவ ஆட்சிக் கவிழ்ப்பால் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குப் போனது. ஒலிம்பிக்கில் நெட்பால் இல்லை. 2016இல் எழுவர் ரக்பி அங்கே நுழைந்ததும் திறமையுள்ள பெண்களுக்குப் புதிய பாதை திறந்தது.

அந்த ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் ஃபிஜியானா அணியினர் எட்டாவதாக வந்தார்கள். ஐந்தாண்டுகள் கழித்து டோக்கியோவில், ருசிலா நகசாவு தலைமையில், நடப்புச் சாம்பியன் ஆஸ்திரேலியாவைக் காலிறுதியில் 14–12 என வென்று, நியூசிலாந்திடம் அரையிறுதியில் கூடுதல் நேரத்தில் 22–17 எனத் தோற்று, பிரிட்டனை 21–12 என வீழ்த்தி வெண்கலம் பெற்றார்கள். ஃபிஜிப் பெண்கள் வென்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அன்று நான் அழுதுவிட்டேன். மறு ஆண்டு, பதினைந்து பேர் ஆடும் ரக்பி உலகக் கோப்பையில் முதன்முறையாகக் களமிறங்கி, தென்னாப்பிரிக்காவை 21–17 என வென்றார்கள்.

உங்கள் கேள்வியின் கடினமான பகுதி கால்களில் இருக்கிறது. பந்து வைத்திருப்பவரிடமிருந்து மூன்றடி விலகி நிற்க வேண்டும் என்பது நெட்பால் விதி. நடுவர் விசில் ஊதும் முன்பே கால் தானாகப் பின்வாங்கும். ரக்பியிலோ அதே கணத்தில் முன்னே அடியெடுத்து, தலையை ஒரு பக்கம் ஒதுக்கி, தோளை எதிராளியின் இடுப்பில் பதிக்க வேண்டும். ஒருமுறை நண்பர்களுடன் மைதானத்தில் முயன்றேன். பயமே இல்லை, ஆனாலும் என் கால் ஒவ்வொரு முறையும் ஓரடி பின்னே போனது.