ஒலிம்பிக் முடிந்ததும் ஐஸ் டான்ஸ் ஜோடிகளின் வரிசை ஏன் மாறிவிடுகிறது?

ஐஸ் டான்ஸ் என்பது இருவர் ஜோடியாகப் பனித்தளத்தில் சறுக்கியபடி ஆடும் போட்டி நடனம். துணையைத் தலைக்கு மேல் தூக்குவதோ வீசுவதோ கிடையாது. நெருங்கி ஆடியபடியே, சறுக்குக் காலணியின் அடியில் உள்ள கத்தியின் விளிம்பில் எவ்வளவு ஆழமாகச் சாய்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அந்த ஒத்திசைவு கைவரப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதனால் முன்னணி ஜோடிகள் பலர் ஒலிம்பிக் வரை தாக்குப்பிடித்துவிட்டு விலகுவார்கள். ஜன்னலோரம் இருந்தவர் இறங்கினால் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்கார்வதில்லையா, அப்படித்தான்.

2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற மூன்று ஜோடிகளும் 2023 உலகப் போட்டியில் இல்லை. பெய்ஜிங்கில் நான்காவதாக வந்த அமெரிக்காவின் மேடிசன் சாக்–எவன் பேட்ஸ் சாம்பியன் ஆனார்கள். வெறும் அதிர்ஷ்டம் என்று ஒதுக்க முடியாது, 2024, 2025 பட்டங்களும் அவர்களுக்கே.

விலகினால் கதை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கனடாவின் டெஸ்ஸா வர்ச்சு–ஸ்காட் மோயர் 2014 ஒலிம்பிக்குக்குப் பின் இரண்டு பருவங்கள் ஒதுங்கியிருந்து, திரும்பி வந்து 2018 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார்கள்.